சதர்ன் ராக் கச்சேரிகள்: என்னிடம் எல்லாரும் கேட்கும் கேள்விகள்

1997 முதல் 2019 வரை அட்லாண்டாவில் இருந்தேன். பகலில் கம்ப்யூட்டர் வேலை, வெள்ளி சனி இரவுகளில் ஒரு பார் பேண்டில் கிட்டார். இப்போது சென்னையில் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பறைச் சுவரில் பழைய கச்சேரி டிக்கெட்டுகளை ஒட்டி வைத்திருக்கிறேன். அதைப் பார்க்கிற பிள்ளைகளும், கூட்டிக்கொண்டு வருகிற அப்பா அம்மாக்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

சதர்ன் ராக் என்றால் என்ன சார்? ராக் மியூசிக்கில் வடக்கு, தெற்கு எல்லாம் உண்டா?

ஜார்ஜியா, ஃப்ளோரிடா, அலபாமா, கரோலினாக்கள் என்று அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் 1969 வாக்கில் கிளம்பிய ராக் இது. ப்ளூஸ், கன்ட்ரி, சர்ச் பாட்டு, கொஞ்சம் ஜாஸ் எல்லாம் ஒரே சட்டியில் கொதித்தது. மேடையில் இரண்டு லீட் கிட்டார் கட்டாயம் இருக்கும், சில பேண்டில் மூன்று. ஜார்ஜியாவில் மேக்கன் என்ற சின்ன ஊரில் ஃபில் வால்டன் நடத்திய கேப்ரிகார்ன் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம்தான் இதற்குத் தாய்வீடு. ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில் பிறந்த ஊர். ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட், லினர்ட் ஸ்கின்னர்ட், 38 ஸ்பெஷல், மாலி ஹேட்செட் எல்லாமே அங்கே உருவானவை. ஒரே ஊருக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

ஆல்மன் பிரதர்ஸின் பாடகர் கிரெக் ஆல்மனுக்கு இந்தப் பெயரே பிடிக்காது. ராக் பிறந்ததே தெற்கில்தானே, அப்புறம் 'சதர்ன் ராக்' என்பது 'ராக் ராக்' என்று சொல்வதுபோல் இருக்கிறது என்பார். நியாயம்தான். ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

நீங்கள் முதலில் பார்த்தது யாரை?

லினர்ட் ஸ்கின்னர்ட். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடைக்காலம், அட்லாண்டாவின் லேக்வுட் ஆம்ஃபிதியேட்டர். முன்னால் கூரை போட்ட இருக்கைகள், பின்னால் சரிவான புல்வெளி. எனக்குப் புல்வெளி டிக்கெட். ஜார்ஜியா ஜூலைப் புழுக்கம் நம் சென்னை மே மாதத்துக்குச் சளைத்ததில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அன்றைக்கு மேடையில் இருந்தவர்களில் மூன்று பேர் 1977 விமான விபத்தில் பிழைத்தவர்கள்: கிட்டாரில் கேரி ராஸிங்டன், பியானோவில் பில்லி பவல், பேஸ் கிட்டாரில் லியான் வில்கிசன். வில்கிசன் தொப்பிப் பைத்தியம், அன்றைக்கும் ஒரு விசித்திரத் தொப்பி. நான் கிட்டார்காரன், ராஸிங்டனின் விரல்களைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் பாதிக் கச்சேரி பில்லி பவலின் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேண்டுக்குச் சாமான் தூக்கப் போனவர் அவர். ஒருநாள் ஓய்வு நேரத்தில் 'ஃப்ரீ பேர்ட்' பாட்டுக்கு ஒரு பியானோ முன்னிசை வாசித்துக் காட்ட, உடனே பேண்டில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த முன்னிசையை அன்று அவர் கையிலிருந்தே கேட்டேன். பக்கத்தில் பீர் டம்ளரோடு ஆடிக்கொண்டிருந்த ஆட்கள்கூட அந்த ஒரு நிமிடம் அசையாமல் நின்றார்கள்.

அது என்ன விபத்து?

1977 அக்டோபர் 20. தென் கரோலினாவின் கிரீன்வில்லில் கச்சேரி முடித்துவிட்டு லூசியானாவின் பேட்டன் ரூஜுக்குப் போய்க்கொண்டிருந்த வாடகை விமானம், எரிபொருள் தீர்ந்துபோய் மிசிசிப்பி காட்டில் விழுந்தது. பாடகர் ரானி வான் ஸான்ட், கிட்டார்காரர் ஸ்டீவ் கெய்ன்ஸ், அவருடைய அக்காவும் பின்னணிப் பாடகியுமான கேஸி கெய்ன்ஸ், பேண்டின் உதவி மேனேஜர், இரண்டு விமானிகள் என்று ஆறு பேர் போய்விட்டார்கள். புது ஆல்பம் வெளிவந்து மூன்றே நாள் ஆகியிருந்தது. அதன் அட்டையில் பேண்ட் தீ ஜுவாலைகளுக்கு நடுவே நிற்கும் படம். அட்டையை அவசரமாக மாற்றினார்கள்.

பத்து வருடம் கழித்து 1987இல், ரானியின் கடைசித் தம்பி ஜானி வான் ஸான்ட் பாட, மறுபடி மேடையேறினார்கள். அந்தச் சுற்றுப்பயணத்தில் 'ஃப்ரீ பேர்ட்' வந்தால் ஜானி பாட மாட்டாராம். மைக் ஸ்டாண்டை மட்டும் வெளிச்சத்தில் நிறுத்திவிட்டு பேண்ட் வாசிக்கும், கூட்டம் பாடும். நான் பார்த்த காலத்தில் ஜானியே பாடத் தொடங்கியிருந்தார்.

அசல் ஆட்கள் பாதிப் பேர் இல்லாத பேண்டைக் காசு கொடுத்துப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் லேசான நக்கலோடுதான் கேட்பார்கள். கணக்குப் பார்த்தால் நான் எந்த சதர்ன் ராக் பேண்டையும் அசல் ஆட்களோடு பார்த்ததே இல்லை. ஆல்மன் பிரதர்ஸின் கிட்டார்காரர், கிரெக்கின் அண்ணன் டூயேன் ஆல்மன் 1971இல் மேக்கனில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தபோது வயது 24. நான் பிறக்கவே இல்லை. அதற்கு ஒரு வருடம் கழித்து, அந்த இடத்திலிருந்து மூன்று தெரு தள்ளி, அதே மாதிரி மோட்டார் சைக்கிள் விபத்தில் பேஸ்காரர் பெர்ரி ஓக்லி. அவருக்கும் 24.

ஆனால் நம் ஊரில் யாரும் 'சிஷ்யனுக்குச் சிஷ்யன் பாடுகிறான், அசல் இல்லையே' என்று கச்சேரியைப் புறக்கணிப்பதில்லை. பாணி இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். இங்கேயும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் இரண்டு பேண்டுகளையும் ஒரே தராசில் போடக்கூடாது.

ஸ்கின்னர்ட் பாட்டுகளில் சோலோக்கள், அதாவது கிட்டார் தனியாக முன்வந்து வாசிக்கும் இடங்கள், கிருதியின் சங்கதி மாதிரி, இயற்றி முடித்தவை. அந்தப் பையன்கள் ஜாக்சன்வில்லுக்கு வெளியே ஒரு தகரக் கூரைக் கொட்டகையில், வெயிலில் வெந்துகொண்டு, நாள் முழுக்க ஒத்திகை பார்த்து ஒவ்வொரு சுரத்தையும் செதுக்கியவர்கள். அவர்களின் கிட்டார்காரர் ஆலன் காலின்ஸின் சோலோவை இன்னொருவர் அப்படியே வாசித்தால் அது காப்பி இல்லை, அதுதான் பாட்டு. ஆல்மன் பிரதர்ஸ் நேர் எதிர். அவர்களுக்குப் பாட்டு ஒரு வாசல்தான், உள்ளே போனால் என்ன நடக்கும் என்று அவர்களுக்கே தெரியாது. டூயேன் வாசித்ததை அப்படியே வாசிக்கிற ஆளை அந்தப் பேண்டில் வைத்துக்கொள்ளவே மாட்டார்கள். அதனால் ஸ்கின்னர்டிடம் 'சரியாக வாசித்தார்களா' என்றும், ஆல்மன்களிடம் 'இன்றைக்குப் புதிதாக ஏதாவது நடந்ததா' என்றும் கேட்க வேண்டும்.

சரி, மூன்றாவது ரகமும் உண்டு. ஒரு கவுன்டி பொருட்காட்சியில், ராட்டினத்துக்கும் பன்றி ஓட்டப்பந்தயத்துக்கும் நடுவே, எழுபதுகளில் பெரிய பெயர் எடுத்த ஒரு பேண்டைப் பார்த்தேன். பழைய ஆள் ஒருவரும் இல்லை, பாணியும் இல்லை, பேனரில் பெயர் மட்டும் இருந்தது. மூன்றாவது பாட்டில் எழுந்து பஜ்ஜி மாதிரி பொரித்துத் தரும் ஓரியோ பிஸ்கட் வாங்கப் போய்விட்டேன். அது நன்றாக இருந்தது.

ஆல்மன் பிரதர்ஸை நேரில் கேட்டால் எப்படி இருக்கும்?

நிறைய முறை கேட்டிருக்கிறேன். ஒன்றைச் சொல்கிறேன்: நியூயார்க்கின் பீக்கன் தியேட்டர், 2009 மார்ச். 1989இலிருந்து 2014 வரை பெரும்பாலான மார்ச் மாதங்களில் அவர்கள் அங்கே முகாம் போடுவார்கள். மொத்தம் இருநூறு இரவுகளுக்கு மேல். 2009 பேண்டுக்கு நாற்பதாவது வருடம். பதினைந்து இரவு வாசித்தார்கள், அதை டூயேனுக்கு அர்ப்பணித்திருந்தார்கள். நான் விமானம் ஏறிப் போய் ஒரு இரவு, மேல் பால்கனியில் உட்கார்ந்தேன். சுமார் 2,900 இருக்கை உள்ள பழைய அரங்கம், தங்கப் பூச்சுச் சிலைகள், கால் நீட்ட இடமில்லாத நாற்காலி.

ரெக்கார்டில் தெரியாத விஷயம் டிரம்ஸ்தான். இரண்டு டிரம் செட், அதோடு மார்க் கின்யோனெஸின் காங்கா என்ற கைமேளம். கல்யாண வீட்டில் இரட்டைத் தவில் கேட்டவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். புட்ச் டிரக்ஸ் சரக்கு ரயில் மாதிரி நேராகப் போவார். ஜெய்மோ ஜாஸ் ஆள், அந்த ரயில் ஜன்னல் வழியே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வருவார். இரண்டு பேரும் ஒரே அடியை அடிப்பதே அபூர்வம். பால்கனியில் உட்கார்ந்தால் வலது காதுக்கு ஒரு கணக்கு, இடது காதுக்கு ஒரு கணக்கு வரும்.

அப்புறம் 'விப்பிங் போஸ்ட்' ஆரம்பித்தார்கள். அதன் தொடக்கம் பதினோரு எண்ணிக்கை. வெள்ளைக்காரப் பசங்கள் இதை எண்ணத் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். நமக்கு என்ன கஷ்டம்? தகிட தகிட தகிட தக. மூன்று, மூன்று, மூன்று, இரண்டு. கடைசி 'தக'வில் ஒரு சுரம் குறைந்து தடுக்கி விழுகிற மாதிரி இருக்கும், அந்தத் தடுக்கல்தான் பாட்டே. எழுதிய கிரெக் ஆல்மனுக்கே அது பதினொன்று என்று தெரியாதாம், அண்ணன் டூயேன்தான் எண்ணிச் சொன்னாராம். நான் தொடையில் போட்டுக்கொண்டிருந்த தாளத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்து இருக்கைப் பெரியவர் 'நீ டிரம்மரா?' என்றார். இல்லை, மதராஸ்காரன் என்றேன். அவருக்கு அது புரிந்திருக்காது.

கிரெக் அன்றைக்கு ஹாமண்ட் பி-3 ஆர்கன் பின்னால் உட்கார்ந்து, அதிகம் அசையாமல் பாடினார். குரலில் பழைய உச்சம் இல்லை. ஆனால் 'நான் கட்டிப்போடப்பட்டிருக்கிறேன்' என்று அந்தப் பாட்டில் வரும் வரியை இருபத்தொரு வயதில் எழுதியவர், அறுபத்தொரு வயதில் பாடும்போது, குரலின் உடைசல்தான் சரியான சுருதி என்று தோன்றியது.

அந்த வருடம் எரிக் கிளாப்டன் வந்தாரே, பார்த்தீர்களா?

இரண்டு இரவு வந்தார். நான் போனது அந்த இரண்டும் இல்லை. அடுத்த கேள்வி.

டிக்கி பெட்ஸைப் பார்த்திருக்கிறீர்களா?

டூயேனோடு ஆல்மன் பிரதர்ஸில் வாசித்த இன்னொரு கிட்டார்காரர். 2000இல் அவரைப் பேண்டிலிருந்து விலக்கினார்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு முறை பார்த்தேன். மாணவர்களுக்கு நான் அவரை விளக்குவது இப்படி: டூயேன் பெரும்பாலும் ப்ளூஸ் பக்கம், அதாவது நம் சுத்த தன்யாசி சுரங்கள். டிக்கி எப்போது பார்த்தாலும் மோகனம். 'ப்ளூ ஸ்கை' பாட்டின் சோலோவைப் போட்டுக் காட்டினால் வாய்ப்பாட்டு கற்கிற பெண்கள் உடனே 'மோகனம்' என்று விடுவார்கள். கமகம் கிடையாது, வேறு உலகம்தான், ஆனால் ஐந்து சுரமும் அதே. அந்தப் பிரகாசம் அவர் கிட்டாரில் எப்போதும் இருந்தது. 2024 ஏப்ரலில் காலமானார்.

டெரக் டிரக்ஸ் வாசிப்பது வீணை மாதிரி இருக்கிறதே, எப்படி?

வீணை இல்லை. கோட்டுவாத்தியம் என்று சொல்லுங்கள், நெருங்கிவிடுவீர்கள்.

டெரக், டிரம்மர் புட்ச் டிரக்ஸின் அண்ணன் தம்பி வழிப் பிள்ளை. 1979இல் ஜாக்சன்வில்லில் பிறந்தவர். ஒன்பது வயதில் கிட்டார் எடுத்து, இருபது வயதில் ஆல்மன் பிரதர்ஸில் சேர்ந்தார். நான் முதலில் பார்த்தது அவருடைய சொந்தப் பேண்டை, அட்லாண்டாவில் லிட்டில் ஃபைவ் பாயிண்ட்ஸ் பக்கம் ஒரு சின்ன அரங்கத்தில். மேடையிலிருந்து பத்தடி தூரம். பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒல்லியாக, தலைமுடியைப் பின்னால் கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நின்றார். சிவப்பு கிப்சன் எஸ்ஜி கிட்டார், மோதிர விரலில் கண்ணாடிக் குழாய். அதைத் தந்தியின் மேல் வழுக்கி வாசிப்பதுதான் ஸ்லைடு. வலது கையில் தந்தியை மீட்டும் பிக் வில்லை கிடையாது, வெறும் விரல்.

பத்தடி தூரத்தில் என்ன பார்த்தேன் என்றால், அவர் சுரத்துக்கு நேராகப் போவதே இல்லை. கீழிருந்து வந்து, சுரத்தைத் தொட்டு, கொஞ்சம் தாண்டி, மறுபடி வந்து உட்கார்கிறார். கண்ணாடிக்குப் பின்னால் ஆள்காட்டி விரல் தந்தியின் மேல் பூப்போலக் கிடக்கிறது. தேவையில்லாத ஓசையை அடக்குவது அதுதான். நான் அதுவரை ஸ்லைடு வாசிக்கும்போது தகரத்தில் ஆணி கீறுகிற சத்தம் ஏன் வந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஆள்காட்டி விரலைத் தூக்கி வைத்திருந்தேன். வருடக்கணக்காக.

அவர் அலி அக்பர் கானின் சரோடைக் கேட்டு வளர்ந்தவர். அதை மறைப்பதும் இல்லை, நுஸ்ரத் ஃபதே அலி கான் பாடிய கவ்வாலியை ரெக்கார்டே செய்திருக்கிறார். அதற்காக 'பார், நம் இசையிலிருந்து எடுத்தது' என்று மார்தட்டுகிறவர்களோடு எனக்கு ஒப்பில்லை. அடிப்படை மிசிசிப்பி ப்ளூஸ், அப்புறம் டூயேன். சரோட் அதற்கு மேல் வந்து சேர்ந்தது.

எல்லாக் கச்சேரியிலும் யாராவது 'ஃப்ரீ பேர்ட்' என்று கத்துகிறார்களே, ஏன்?

1976 ஜூலையில் அட்லாண்டாவின் ஃபாக்ஸ் தியேட்டரில் ஸ்கின்னர்ட் மூன்று இரவு வாசித்து ஒரு லைவ் ஆல்பம் பதிவு செய்தது. 1929இல் கட்டிய அரங்கம் அது. கூரை இரவு வானம் மாதிரி, நட்சத்திரம் மினுக்கும், மேகம் நகரும். அப்போது அதை இடிக்கப் பார்த்தார்கள், காப்பாற்ற நிதி திரட்டினார்கள், ஸ்கின்னர்டும் கை கொடுத்தது. அந்த ஆல்பத்தில் ரானி 'எந்தப் பாட்டு வேண்டும்?' என்று கேட்க, கூட்டம் பாட்டின் பெயரைச் சொல்லி அலறும். அதிலிருந்து பிடித்த வியாதி. சம்பந்தமே இல்லாத பேண்டிடமும் கத்துவார்கள். என்னிடம் கல்யாண ரிசப்ஷனில் கத்தியிருக்கிறார்கள்.

நீங்கள் வாசித்திருக்கிறீர்களா?

ஒரு முறை, அவமானத்தோடு. கடைசிப் பகுதி மூன்றே கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு: ஜி, பி ஃபிளாட், சி. சுலபம் என்று நினைத்துவிட்டோம். ஸ்டூடியோ ரெக்கார்ட் ஒன்பது நிமிடத்துக்குச் சற்று மேல், அதில் பாதி அந்த வேகப் பகுதி. பாரில் கூட்டம் கத்தியதும் எங்கள் டிரம்மர் குஷியில் இன்னும் வேகமாக எடுத்துவிட்டார். இரண்டாவது நிமிடத்தில் லீட் வாசித்தவனுக்குத் தந்தி அறுந்தது. அவன் கிட்டாரை மாற்றப் போனான், நான் மூன்று கார்டையும் தனியாக அடித்துக்கொண்டே நிற்கிறேன். முன்கை கல்லாகிவிட்டது. அவன் திரும்பி வந்தபோது டிரம்மர் முடித்துவிட்டார். கைதட்டல் வந்தது, அதுதான் இன்னும் கேவலம். மேடையில் மூன்று கிட்டார் ஏன் வைத்திருந்தார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது.

அந்தக் கூட்டத்தில் நம் நிறத்து ஆள் தனியாக நிற்பது பயமாக இல்லையா? கொடி எல்லாம் பிடிப்பார்களாமே?

முதல் முறை இருந்தது. லேக்வுட் கார் நிறுத்துமிடத்தில் லாரி லாரியாகக் கான்ஃபெடரேட் கொடி. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட மாநிலங்களின் கொடி அது. 'வெறும் ஊர்ப் பெருமைதான்' என்று சொல்கிறவர்களோடு இருபது வருடம் பழகியும் எனக்கு அது சரிப்படவில்லை. ஸ்கின்னர்ட் வருடக்கணக்காக அதை மேடையில் கட்டியது. 2012இல் ராஸிங்டன் இனிமேல் வேண்டாம் என்றார், ரசிகர்கள் கொதித்தார்கள், சில நாளிலேயே பின்வாங்கினார். பிடித்த பேண்ட் என்பதற்காக இதை மறைக்க மாட்டேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆல்மன் பிரதர்ஸின் ஜெய்மோ கறுப்பினத்தவர். ஓக்லிக்குப் பின் வந்த பேஸ்காரர் லமார் வில்லியம்ஸும் அப்படியே. 1969இல் ஜார்ஜியாவில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே வேனில் ஊர் ஊராகப் போய், ஒரே வீட்டில் தங்கியது சின்ன விஷயமில்லை.

எனக்கு யாரும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. அந்த முதல் நாள், கொடி கட்டிய லாரிகளில் ஒன்றின் பின்பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள், ஒரு பொட்டலத்தை நீட்டினார். தோலோடு உப்புப் போட்டு அவித்த வேர்க்கடலை, இன்னும் சூடு ஆறவில்லை. ஜார்ஜியாவில் சாலையோரத்தில் விற்பார்கள். அவர் எப்படி உரிப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். நான் கட்டைவிரலால் இரண்டு உரித்துக் காட்டினேன். அதற்கப்புறம் அவர் கொடியைப் பற்றி நானும் கேட்கவில்லை, என் ஊரைப் பற்றி அவரும் கேட்கவில்லை. இது நல்ல கதையா கெட்ட கதையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மார்ஷல் டக்கர் பேண்ட்?

பார்த்தேன். கிட்டார்காரர் டாய் கால்ட்வெல் 1993லேயே போய்விட்டார். பிக் இல்லாமல் கட்டைவிரலாலேயே வாசித்த மனிதர், அவரைப் பார்க்காதது எனக்கு நிரந்தரக் குறை. பாடகர் டக் கிரே மட்டும் பழையவர். மார்ஷல் டக்கர் என்று பேண்டில் யாரும் இல்லை. ஒத்திகைக்கு எடுத்த இடத்தின் சாவியில் இருந்த பெயர் அது, பார்வையற்ற ஒரு பியானோ டியூனருடையது. பேண்டில் புல்லாங்குழல் உண்டு. அதற்காகவே கேட்கலாம்.

அமெரிக்கா போனால் மேக்கன் பார்க்கலாமா?

அட்லாண்டாவிலிருந்து ஒன்றரை மணி நேரம். ஆல்மன்கள் கூடி வாழ்ந்த 'பிக் ஹவுஸ்' இப்போது மியூசியம். எச் அண்ட் எச் என்ற உணவகம் இருக்கிறது. காசில்லாத காலத்தில் அந்தப் பையன்களுக்குச் சோறு போட்ட லூயிஸ் ஹட்சன் என்ற பெண்மணியை ஊரே 'மாமா லூயிஸ்' என்று, அதாவது அம்மா லூயிஸ் என்று, கூப்பிட்டது. கோழி வறுவல் சாப்பிடுங்கள்.

ரோஸ் ஹில் கல்லறைத் தோட்டத்துக்குக் கடைசியில் போங்கள். இளவயதில் பேண்ட் அங்கேதான் பொழுது போக்கும். அங்கே ஒரு கல்லில் இருந்த எலிசபெத் ரீட் என்ற பெயரைத்தான் டிக்கி தன் பாட்டுக்கு வைத்தார். டூயேன், ஓக்லி, 2017இல் கிரெக், எல்லாரும் அங்கேயே அடங்கியிருக்கிறார்கள். கீழே ரயில் பாதை, அதற்கப்பால் ஆறு. நான் நின்றிருந்தபோது ஒரு சரக்கு ரயில் போனது. ஜோடி ஜோடியாகச் சக்கரச் சத்தம். புட்ச் டிரக்ஸ் நினைவுக்கு வந்தார்.

காதுக்கு ஒன்றும் ஆகவில்லையா?

ஆனது. இடது காதில் ஓயாமல் ஒரு மெல்லிய விசில். பஞ்சு போதாது, நல்ல இயர் பிளக் வாங்குங்கள்.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

1971 மார்ச்சில் நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்டில் பதிவான ஆல்மன் பிரதர்ஸ் லைவ் ஆல்பம். அதில் 'விப்பிங் போஸ்ட்' மட்டும் 23 நிமிடம். போனில் வேண்டாம், பஸ்ஸில் வேண்டாம். இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். அது முடிந்த பிறகு ஸ்கின்னர்டின் ஃபாக்ஸ் தியேட்டர் ஆல்பம்.

ஸ்லைடு வாசிக்கக் கண்ணாடிக் குழாய் எங்கே கிடைக்கும்?

கடையில் விற்கிறார்கள், ஆனால் டூயேன் கடையில் வாங்கவில்லை. அவருக்கு ஜலதோஷம் பிடித்திருந்தபோது தம்பி கிரெக் கொண்டுவந்து கொடுத்த கோரிசிடின் மாத்திரை பாட்டில்தான் அவர் கடைசிவரை விரலில் மாட்டியது. போன மாதம் ஒரு பையன் தாத்தாவின் பழைய மருந்து பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்தான். மோதிர விரலில் கச்சிதமாக உட்கார்ந்தது. நீங்களும் வீட்டில் தேடுங்கள். கண்ணாடி கனமாக, பக்கங்கள் நேராக இருக்க வேண்டும், இரண்டாவது கணு வரை உள்ளே போக வேண்டும். லேபிள் வரவில்லை என்றால் வெந்நீரில் அரை மணி ஊறவிட்டு, தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேயுங்கள்.